பொதுத் தரவுத்தளமும் தனி வழக்கும்: அஞ்சல் வடிகட்டி அமைப்புப் பற்றிய சில குறிப்புகள்

பல்கலைக்கழகப் பீடமொன்றின் அஞ்சற் சேவையகத்துக்கு வந்து சேரும் மின்னஞ்சல் ஒவ்வொன்றும், அது யாருக்கு எழுதப்பட்டதோ அவரது கண்ணிற் படுவதற்கு முன்னர், மென்பொருளொன்றினால் வாசிக்கப்படுகின்றது. அவ்வாசிப்பின் முடிவில் அஞ்சல் உரியவரின் பெட்டிக்குச் செல்லலாம். அல்லது பெரும்பாலோர் திறந்தும் பார்க்காத வேறொரு கோப்புறைக்குள் ஒதுக்கப்படலாம். இத்தீர்ப்பின் கணிசமான பகுதி, சொற்களின் எண்ணிக்கையைக் கொண்ட ஒரு தரவுத்தளத்திலேயே தங்கியுள்ளது. அத்தரவுத்தளம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இருக்கலாம். எல்லோருக்கும் பொதுவாக ஒன்றாகவும் இருக்கலாம். தனியுடைமையாக இருப்பதைப் பொதுவாக்குவதற்குச் சேவையகத்தின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகளை மாற்றினாற் போதுமானது. தொழினுட்பக் கைநூல்களும் இதனை இரண்டு வரி மாற்றமாகவே விளக்கிச் செல்கின்றன.

அவ்விரண்டு வரிகளும் எத்தகைய முடிவொன்றைத் தம்முள் அடக்கியுள்ளன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வில் ஈடுபட்டோர் இவ்விடயத்திற் புகுவதேன் என்ற வினா எழக்கூடும். சொல்லின் பொருள் எவ்வாறு நிர்ணயிக்கப்படுகின்றது, ஒரு பிரிவினரின் வழக்கு எவ்வாறு எல்லோருக்குமான நெறியாகின்றது என்னும் வினாக்கள் நமது துறைக்குப் புதியனவல்ல. அவை இப்பொழுது சேவையக அறைக்குள்ளும் எழுந்துள்ளன. அங்கு அவற்றுக்கு விடை கூறுபவர் பெரும்பாலும் தனியொருவரான நிருவாகி. அவரும் தாம் ஒரு விடை கூறுவதாக நினைத்துக்கொண்டு அதனைக் கூறுவதில்லை.

முதலில் வேண்டா அஞ்சலின் தோற்றத்தைச் சுருக்கமாக நோக்குவோம். 1978ஆம் ஆண்டு மே மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் டிஜிற்றல் எக்குயிப்மென்ற் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த ஒருவர், ஆர்பாநெற் வலையமைப்பிலிருந்த ஏறத்தாழ 400 முகவரிகளுக்குத் தமது நிறுவனத்தின் புதிய கணினிகளைப் பற்றிய அறிவித்தலை ஒரேயடியாக அனுப்பினார். இதனையே முதலாவது வேண்டா அஞ்சல் என்பர். 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த சட்டத்தரணிகள் இருவர், குடிவரவு அனுமதிக்கான லொத்தர் பற்றிய தமது விளம்பரத்தை யூஸ்நெற்றின் ஆயிரக்கணக்கான குழுக்களில் இட்டனர். ஸ்பாம் என்ற பெயரோ 1937இல் சந்தைக்கு வந்த தகரத்திலடைத்த இறைச்சியொன்றுக்கு உரியது. அப்பெயரைத் திரும்பத் திரும்பக் கூவும் 1970ஆம் ஆண்டின் பிரித்தானிய நகைச்சுவைக் காட்சியொன்றின் வழியாக அது அஞ்சலுக்கு வந்து சேர்ந்தது. பெயர் வரலாறு சுவையானதுதான். ஆயின், நமக்கு முக்கியமானது அதன் பொருளாதாரம்.

அச்சு விளம்பரத்திலே கடதாசிக்கும் மைக்கும் விநியோகத்துக்கும் ஆகும் செலவை விளம்பரகாரரே ஏற்க வேண்டும். மின்னஞ்சலிலோ மேலுமொரு பிரதியை அனுப்புவதற்கு ஆகும் செலவு அனுப்புபவருக்கு ஏறத்தாழப் பூச்சியமாகும். செலவு மறைந்துவிட்டதென்பது இதன் பொருளன்று. அது பெறுபவரின் நேரத்துக்கும், அவரது நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கும், அதனைப் பராமரிக்கும் ஊழியரின் உழைப்புக்கும் மாற்றப்பட்டுள்ளது. பத்தாயிரம் பேரில் ஒருவர் ஏமாந்தாலும் அனுப்புபவருக்கு இலாபம். ஏமாறாத ஏனையோர் அனைவரும் அவ்விலாபத்துக்காகக் கூலியின்றிச் சில விநாடிகள் உழைத்தவராவர். வடிகட்டி என்பது இவ்வுழைப்பை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சியே. முழுவதையும் ஒப்படைக்க முடியவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

ஆரம்பகால வடிகட்டிகள் கையால் எழுதப்பட்ட விதிகளைக் கொண்டே இயங்கின. தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருப்பின் இத்தனை புள்ளி, அனுப்பியவரின் முகவரி ஐயத்துக்கிடமானதாயின் இத்தனை புள்ளி என்றவாறு கூட்டி, ஓர் எல்லையைத் தாண்டினால் அஞ்சல் ஒதுக்கப்பட்டது. ஜஸ்ரின் மேசன் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்பாம் அசாசின் இவ்வகையானது. 2004இல் அது அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டமாகியது. யாரும் பெற்று, வாசித்து, மாற்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் அது. அதன் இயல்பான எல்லை 5 புள்ளி. சிறிய நிறுவனங்கள் பலவற்றின் சேவையகங்களில் இன்றும் இயங்குவது இதுவே ஆகையால், நமது எடுத்துக்காட்டுகளையும் இதிலிருந்தே கொள்கின்றோம்.

கையால் எழுதிய விதிகளின் குறை வெளிப்படையானது. விதிகள் பகிரங்கமானவை; அனுப்புபவரும் அவற்றை வாசித்துத் தப்பிக்கொள்வார். ஆகவே விதியை எழுதாமல் விதியைக் கற்கும் முறை வேண்டியதாயிற்று. அதற்கான கணிதம் பழையது. தோமஸ் பேயிஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1761இல் இறந்தபின், அவரது கையெழுத்துப் பிரதியை அவருடைய நண்பர் றிச்சட் பிறைஸ் 1763இல் வெளியிட்டார். விளைவைக் கண்டு காரணத்தின் நிகழ்தகவை மதிப்பிடும் வழியை அது கூறுகின்றது. 1998இலேயே ஆய்வாளர் சிலர் இதனை அஞ்சலுக்குப் பிரயோகித்துப் பார்த்தனராயினும், பரவலான கவனத்தைப் பெற்றது 2002ஆம் ஆண்டு ஓகஸ்ற்றில் போல் கிரஹாம் எழுதிய கட்டுரையே. அதன்பின் கரி றொபின்சன் கணக்கிடும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஸ்பாம் அசாசினும் இக்கற்றல் முறையைத் தன்னுள் இணைத்துக்கொண்டது.

முறை எளிமையானது. 1,000 வேண்டா அஞ்சல்களையும் 1,000 நல்லஞ்சல்களையும் ஒருவர் வகைப்படுத்திக் கொடுத்திருப்பதாகக் கொள்வோம். ‘லொத்தர்’ என்னும் சொல் வேண்டா அஞ்சல்களில் 80இலும் நல்லஞ்சல்களில் 2இலும் வருகின்றது எனின், அச்சொல்லைக் கொண்ட புதிய அஞ்சலொன்று வேண்டாததாயிருப்பதற்கான நிகழ்தகவு 82இல் 80 பங்கு, அதாவது 0.98 அளவினது. ‘பரீட்சை’ முறையே 3இலும் 150இலும் வருமாயின் அதன் பெறுமதி 0.02 ஆகும். அஞ்சலிலுள்ள சொற்களுள் இவ்வாறு ஒருபக்கம் வலுவாகச் சாய்பவற்றை எடுத்து, அவற்றின் பெறுமதிகளை இணைத்து ஒரே எண்ணாக்கினால் தீர்ப்பு கிடைக்கும். அவ்வெண் மிக உயர்ந்ததாயின் 3.5 புள்ளி கூட்டப்படும். மிகக் குறைந்ததாயின் 1.9 புள்ளி கழிக்கப்படும். எல்லை 5 ஆகையால் சொற்றரவு மாத்திரம் ஓர் அஞ்சலைத் தண்டிப்பதில்லை. ஆயினும், வேறு சிறு குறைகள் இரண்டொன்று சேர்ந்தாற் போதும்.

இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், இயந்திரத்துக்குச் சொல்லின் பொருள் தெரியாது என்பதே. அச்சொல் யாருடைய அஞ்சலில், எவ்வகைச் சேர்க்கையில் வந்தது என்பது மாத்திரமே அதற்குத் தெரியும். சொல்லுக்கு உள்ளார்ந்த நிலையான பொருளில்லை, குறி என்பது சமூகப் பிரிவுகள் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் களம் என்ற கருத்தை வொலோஷினோவ் 1929இல் வெளியான தமது நூலில் முன்வைத்தார். அவர் இத்தகைய இயந்திரத்தைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார். எனினும், எண்ணிக்கை வழிப்பட்ட இவ்வடிகட்டி அக்கருத்தைத் தன்னறியாமலே மெய்ப்பிக்கின்றது எனலாம். ‘கடன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பீடம் முழுவதற்குமான தொகுதியில் அது 1,000 வேண்டா அஞ்சல்களில் 120இலும், 1,000 நல்லஞ்சல்களில் 10இலும் வருவதாகக் கொண்டால் அதன் பெறுமதி 0.92. பொருளியல் துறையினருக்கு வரும் அஞ்சல்களை மாத்திரம் எண்ணுமிடத்து, நல்லஞ்சல்களிலும் அது 130இல் வருமாயின், பெறுமதி 0.48 ஆகக் குறைந்து, ஏறத்தாழ நடுநிலை அடைந்துவிடுகின்றது. சொல் ஒன்றே. எண்ணப்பட்ட சமூகம் வேறு.

இவ்விடத்திலேதான் பொதுவா தனியா என்ற வினா உயிர்பெறுகின்றது.

ஸ்பாம் அசாசின் தன் இயல்பில் தனியுடைமை நோக்குக் கொண்டது. ஒவ்வொரு பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள்ளும் அவரவருக்கான தரவுத்தளத்தை அமைத்துக்கொள்ளும். ஆனால் 200 வேண்டா அஞ்சல்களும் 200 நல்லஞ்சல்களும் கற்பிக்கப்படும்வரை அது வாய் திறக்காது. நாளொன்றுக்கு நூறு அஞ்சல் பெறும் பீடாதிபதிக்கு இது சில நாள் விடயம். வாரத்துக்கு ஐந்தாறு அஞ்சல் பெறும் தற்காலிக விரிவுரையாளருக்கோ ஆண்டுக் கணக்கில் நீளலாம். அதற்குள் அவரது ஒப்பந்தமே முடிந்துவிடும். தனித்தனித் தரவுத்தளம் எல்லோருக்கும் சமமான உரிமையை வழங்குவதுபோலத் தோன்றினும், அஞ்சல் வளம் மிக்கோருக்கே பயன்படுகின்றது. முறைப்படியான சமத்துவத்துக்கும் மெய்யான சமத்துவத்துக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு இதனினும் எளிய உதாரணம் கிடைப்பது அரிது. பொதுத் தரவுத்தளத்தில் ஒருவரின் உழைப்பு மற்றெல்லோருக்கும் உடனே உதவுகின்றது. புதிதாக வந்தவரும் முதல் நாளிலேயே பயன்பெறுகின்றார். ஆகவே, பொதுவாக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. எவ்வாறு என்பதே கேள்வி.

எளிய வழி கோப்பு வழி. பொது அமைப்புக் கோப்பில் ‘பேயிஸ்_பாத்’ என்ற அமைப்பு, எல்லோரும் எட்டக்கூடிய ஓர் இடத்தைச் சுட்டுமாறு செய்யப்படுகின்றது. பலர் தடுக்கி விழும் இடம் இது. அங்கு கொடுக்கப்படும் பாதையின் இறுதிச் சொல் கோப்புறையின் பெயரன்று, கோப்புகளின் பெயர்முன்னொட்டு. அம்முன்னொட்டுடன் சொற்கூறுகளுக்கு ஒரு கோப்பு, ஏற்கெனவே கற்ற அஞ்சல்களின் அடையாளங்களுக்கு ஒரு கோப்பு, இன்னும் சேர்க்கப்படாத குறிப்புகளுக்கு ஒரு நாளேடு என்று மூன்று உருவாகும். அடுத்தது ‘பேயிஸ்_பைல்_மோட்’ என்னும் அனுமதி அமைப்பு. இயல்பில் அது கோப்பின் உரிமையாளருக்கு மாத்திரமே இடமளிக்கும். அதனை மாற்றாது விட்டால், முதலில் எழுதியவர் எவரோ அவரே தனியுரிமையாளராகி ஏனையோர் வெளியே நிற்பர். பொது என்று பெயர் மாத்திரம் இருக்கும்.

இதனோடு தொடர்புடைய பிழையொன்றை நாமே நேரிற் கண்டுள்ளோம். நமக்குப் பழக்கமான ஒரு நிறுவனத்தில், வேண்டா அஞ்சல்களை ஊழியர் சிரத்தையுடன் ஒரு கோப்புறையில் இட்டு வந்தனர். ‘எஸ்ஏ-லேர்ண்’ என்னும் கற்பிக்கும் கட்டளை இரவுதோறும் அவற்றைக் கற்பித்தது. பல மாதங்களாகியும் வடிகட்டியில் மாற்றமேயில்லை. காரணம் இதுதான்: கட்டளை சேவையகத்தின் தலைமைப் பயனர் பெயரில் இயங்கி அப்பயனரின் தனித் தரவுத்தளத்துக்குக் கற்பித்தது, வடிகட்டியோ வேறொரு பயனர் பெயரில் இயங்கி வேறொரு தரவுத்தளத்தை வாசித்தது. உழைத்தவர் ஒருபுறமும் உழைப்பின் பயன் மறுபுறமுமாகப் பிரிந்து கிடந்தன. அதே கட்டளையுடன் ‘டம்ப் மஜிக்’ என்ற சொற்களைச் சேர்த்து, வடிகட்டி எப்பெயரில் இயங்குகின்றதோ அப்பெயரிலேயே இயக்கினால், கற்ற வேண்டா அஞ்சல்களினதும் நல்லஞ்சல்களினதும் எண்ணிக்கை தெரியும். அதனை முதல் வாரத்திலேயே எவரேனும் பார்த்திருப்பின் அத்தனை பேரின் உழைப்பும் வீணாகியிராது.

சேவையகங்கள் ஒன்றுக்கு மேற்பட்டனவாயின் கோப்பு வழி போதாது. ஒரு நேரத்தில் ஒருவரே எழுதலாம் என்பதால் ஒருவருக்கொருவர் காத்து நிற்கும் நிலையும் ஏற்படும். அப்பொழுது எஸ்.கியூ.எல். தரவுத்தளமே தக்கது. அங்கு ஒவ்வொரு சொற்கூறும் பயனர் பெயருடன் சேர்த்தே பதியப்படும். பொதுவாக்குவதற்கு ‘பேயிஸ்_எஸ்.கியூ.எல்._ஓவர்ரைட்_யூசர்நேம்’ என்ற அமைப்பு உண்டு. அதற்கு ஒரு பெயரைக் கொடுத்தால், யாருக்கு வந்த அஞ்சலாயினும் அப்பெயருக்கு வந்ததாகவே கொள்ளப்படும். அலுவலக உதவியாளர், பேராசிரியர், மாணவர் அனைவரும் தரவுத்தளத்தின் முன் ஒரே ஆளாகின்றனர். ‘நாம்’ என்ற தன்மைப் பன்மையை இவ்வளவு எளிதாக உருவாக்கிவிடலாமோ என்று வியக்கத் தோன்றும். இலக்கணத்திலே உளப்பாட்டுப் பன்மை என்றும் தனித் தன்மைப் பன்மை என்றும் வேறுபாடு காட்டுவர். முன்னிலையாரையும் உட்படுத்திய ‘நாம்’ வேறு, அவரை விலக்கிய ‘நாங்கள்’ வேறு. இவ்வமைப்பு உருவாக்குவது எதனை என்பது, கற்பிப்பவர் யார் என்பதிலேயே தங்கியுள்ளது.

கற்பிப்போர் இருவகையினர். ஒன்று இயந்திரமே. பிற விதிகளால் 12 புள்ளியோ அதற்கு மேலோ பெற்ற அஞ்சலை வேண்டாததெனவும், 0.1க்குக் குறைவாகப் பெற்றதை நல்லதெனவும் அது தானாகவே கற்றுக்கொள்ளும். வேண்டாததெனக் கற்பதற்குத் தலைப்பகுதியிலிருந்து குறைந்தது 3 புள்ளியும் உடற்பகுதியிலிருந்து 3 புள்ளியும் வந்திருக்க வேண்டும் என்ற காப்பும் உண்டு. நல்லதெனக் கற்பதற்கு அத்தகைய காப்பு இல்லை. நேர்த்தியாக எழுதப்பட்ட மோசடிக் கடிதமொன்று விதிகள் எதிலும் சிக்காது நுழையுமாயின், அதன் சொற்கள் அனைத்தும் நற்சான்று பெற்றுவிடும். தனித் தரவுத்தளத்தில் இத்தவறு ஒருவரோடு நிற்கும். பொதுவில் எல்லோரையும் சாரும். ஆகவே, பொதுத் தரவுத்தளத்தில் தானியங்கிக் கற்றலை நிறுத்திவிடுவது, குறைந்தபட்சம் அதன் எல்லைகளை மேலும் இறுக்குவது, விரும்பத்தக்கது என்பது நமது கருத்து.

மற்றையது மனிதர். பயனர் வேண்டா அஞ்சலை ஒரு கோப்புறைக்கும், தவறாக ஒதுக்கப்பட்ட நல்லஞ்சலை வேறொரு கோப்புறைக்கும் நகர்த்த, இரவில் அவை கற்பிக்கப்படும். நிருவாகிக்கு மேலனுப்பி வைப்பது பயனற்றது. மேலனுப்பும்போது மூலத் தலைப்பகுதி அழிந்து, அனுப்பிய ஊழியரின் முகவரியே குற்றவாளியின் முகவரியாகப் பதிவாகிவிடும். எரிச்சலுற்றவரே பொத்தானை அழுத்துவார் என்பதால் வேண்டா அஞ்சல் ஏராளமாகக் கற்பிக்கப்படும். நல்லஞ்சலைக் கற்பிப்பதற்கு எரிச்சல் உதவாது; நேரம் ஒதுக்க வேண்டும். இவ்வுழைப்புக்கு ஊதியமும் இல்லை, பெயரும் இல்லை. பெரும் நிறுவனங்களின் அஞ்சற் சேவைகளிலும் இதே உழைப்பே நடைபெறுகின்றது. அங்கு கோடிக்கணக்கானோர் அழுத்தும் பொத்தான்கள் வடிகட்டியைச் செம்மைப்படுத்த, செம்மையுற்ற வடிகட்டியோ நிறுவனத்தின் சொத்தாகின்றது. 1857–58ஆம் ஆண்டுகளின் குறிப்பேடுகளில் மார்க்ஸ் சமூகத்தின் பொது அறிவு இயந்திரத்துள் உறைந்து மூலதனத்தின் ஆற்றலாகத் தோன்றுவதைப் பற்றிச் சிந்தித்திருந்தார். நமது பீடத்தின் சிறு தரவுத்தளத்தை நாமே பிரதியெடுத்து வைத்திருக்கலாம், வேறொரு சேவையகத்துக்குக் கொண்டு செல்லலாம், அழித்து மீண்டும் தொடங்கலாம். கட்டற்ற மென்பொருளைத் தெரிவு செய்வதற்கான காரணங்களுள் இது சிறியதன்று.

எனினும், பொதுவுடைமை என்று பெயரிட்ட மாத்திரத்தில் முரண்பாடுகள் மறைந்துவிடுவதில்லை. ஊழியர் சங்கமொன்று வேலைநிறுத்தம் பற்றிய சுற்றுநிருபத்தை எல்லோருக்கும் அனுப்புகின்றது எனக் கொள்வோம். அதனை வெறுக்கும் ஒருவர் தமது தனித் தரவுத்தளத்தில் அதனை வேண்டா அஞ்சலாகக் குறிப்பது அவரது உரிமை. பொதுத் தரவுத்தளத்தில் அதே சொடுக்கு, எல்லோர் சார்பிலும் அளிக்கப்பட்ட வாக்காகின்றது. பத்துப் பேர் பத்துச் சுற்றுநிருபங்களுக்கு அவ்வாறு செய்தால், ‘வேலைநிறுத்தம்’, ‘கோரிக்கை’, ‘பொதுக்கூட்டம்’ ஆகியவற்றுக்கு இணையான ஆங்கிலச் சொற்களின் பெறுமதி மெல்ல மெல்ல ஏறும். பிறகொரு நாள், வேறொரு சங்கத்தின் கூட்ட அறிவித்தல், அதனை எதிர்பார்த்திருந்தவரின் கண்ணிற் படாமலே ஒதுங்கும். தடைசெய்தவர் எவருமில்லை, கட்டளை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை, எண்கள் மாத்திரமே உள்ளன. கருத்து முரண்பாடு வேண்டா அஞ்சலன்று என்னும் வரையறையைக் கற்பிப்போர் முதலில் ஏற்றுக்கொண்டிருத்தல் அவசியம். மென்பொருள் அதனைக் கேட்பதுமில்லை, சரிபார்ப்பதுமில்லை.

மேலே ‘இணையான ஆங்கிலச் சொற்கள்’ என்று குறிப்பிட்டது தற்செயலானதன்று. ‘லொத்தர்’, ‘பரீட்சை’ என்று நாம் முன்னர் எடுத்துக்காட்டிய கணக்கு, உண்மையில் தமிழ் எழுத்தில் எழுதிய அச்சொற்களுக்குப் பொருந்தாது. ஏன் என்பதை விளக்குவோம்.

ஸ்பாம் அசாசின் 15 பைற்றுக்கு மேற்பட்ட நீளமுடைய சொற்கூறை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைற்றுப் போதுமாதலால், பதினைந்தெழுத்துச் சொல்வரை அங்கு இடமுண்டு. யூ.ரி.எவ்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைற்று வேண்டும். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படும். ஆகவே, தமிழ்ச் சொல்லுக்குக் கிடைப்பது ஐந்து குறியீடு. ‘தமிழ்’ என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடாய், சரியாக 15 பைற்றில், மயிரிழையில் தப்பிவிடுகின்றது. ‘தமிழர்’ தப்புவதில்லை. ‘கடன்’ தப்பும், ‘கடனுக்கு’ தப்பாது. ‘லொத்தர்’, ‘பரீட்சை’ இரண்டும் ஏழு குறியீடுகள், இரண்டும் தப்பமாட்டா.

நீண்ட சொல்லுக்கு நேர்வது யாது? அது தனித்தனிக் குறியீடுகளாகச் சிதைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு சொற்கூறாகப் பதியப்படுகின்றது. பழைய பதிப்புகளில் குறியீடொன்றின் மூன்று பைற்றுகள்கூட ஒன்றாகப் பேணப்படவில்லை. அந்த அளவில் இன்றைய நிலை முன்னேற்றமே. சொல்லிடையே வெளிவிடாது எழுதும் கிழக்காசிய மொழிகளுக்கு இவ்வுத்தி ஓரளவு பொருந்தக்கூடும். சீனத்தில் தனி எழுத்தே பெரும்பாலும் பொருள் தரும். தமிழிலோ தகரமும் புள்ளியும் எதனை உணர்த்தும்? லொத்தரிலும் பரீட்சையிலும் புள்ளி உண்டு. மோசடிக் கடிதத்திலும் தமிழ்ச் சங்கத்தின் கூட்ட அறிவித்தலிலும் தகரம் உண்டு. விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் ஏறி ஏறி நீளும் இயல்பு கொண்ட மொழியில், ஐந்து குறியீட்டுக்குள் அடங்கும் சொற்கள் சிறுபான்மையே.

இதன் விளைவு பாரதூரமானது. அஞ்சல் கூறும் விடயம் மதிப்பிடப்படுவதில்லை. அது தமிழில் எழுதப்பட்டுள்ளது என்னும் செய்தியே மதிப்பிடப்படுகின்றது. பொதுத் தொகுதியில் ஆங்கில அஞ்சலே மிகுதி எனின், அதிற் சேர்ந்த சில தமிழ் அஞ்சல்கள் எவையோ அவையே தமிழ் முழுவதன் தலைவிதியையும் நிர்ணயிக்கும். அவை வேண்டா அஞ்சல்களாக அமைந்துவிட்டால், அடுத்து வரும் தமிழ்க் கடிதங்கள் எல்லாம் ஐயத்துடன் நோக்கப்படும். நல்லஞ்சல்களாக அமைந்தால், தமிழில் வரும் மோசடி தடையின்றி நுழையும். சிங்களத்துக்கும் இதே 3 பைற்று, இதே கதி. இரு மொழியினரும் ஒருவரையொருவர் குறை கூறுவதற்கு இங்கு இடமில்லை. இருவரது வழக்கும் ஒரே அளவுகோலால் வெட்டப்படுகின்றது. அளவுகோலைச் செய்தவரிடம் தீய நோக்கம் இருந்ததென்று நாம் கூறவில்லை. தரவுத்தளத்தைச் சிறிதாக வைத்திருக்க முனைந்த பொறியியலாளர், தமக்குத் தெரிந்த மொழியின் சொல் நீளத்தை அளவாகக் கொண்டனர். பிறருக்கு அது அவ்வாறன்று என்பது பின்னரே தெரிந்தது. முழுமையாக இன்னும் சீராகவில்லை.

மறத்தல் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தரவுத்தளம் இயல்பாக 150,000 சொற்கூறுகளுக்கே இடமளிக்கும். அதனை மீறும்போது நெடுங்காலம் எந்த அஞ்சலிலும் காணப்படாதவை முதலில் அகற்றப்படும். ஒருவருக்கு மாத்திரமுரிய தரவுத்தளத்துக்கு இது தாராளம். ஆயிரம் பேரின் அஞ்சல் பாயும் பொதுத் தரவுத்தளத்திலோ பெருவழக்கின் ஓட்டம் இடத்தை விரைவில் நிரப்பிவிடும். ஆண்டுக்கொரு முறை மாநாட்டு அழைப்பில் மட்டும் வரும் தொல்லியற் சொல்லோ, சிறிய துறையொன்றின் கலைச்சொல்லோ வெளியேற்றப்படும். பயனர் தொகை கூடும்போது இவ்வெல்லையையும் கூட்டவேண்டும் என்பதை நிருவாகிகள் பலர் மறந்துவிடுகின்றனர்.

அந்தரங்கம் பற்றிய அச்சத்துக்கு ஓரளவே இடமுண்டு. சொற்கள் எழுத்துருவில் வைக்கப்படுவதில்லை. குறிமாற்றம் செய்யப்பட்டு அதன் 5 பைற்று மாத்திரமே சேமிக்கப்படுகின்றது. பட்டியலை வாசித்துக் கடிதத்தை மீட்க இயலாது. குறிப்பிட்ட ஒரு சொல் உண்டா என்று தேடிப் பார்க்க மாத்திரம் இயலும்.

மேற்கூறியவற்றால், பொதுவுக்கும் தனிக்கும் இடையில் ஒன்றைத் தெரிய வேண்டிய கட்டாயம் உண்டென்று கொள்ளல் ஆகாது. மேலே குறிப்பிட்ட பயனர் பெயர் அமைப்பு முழு நிறுவனத்துக்கும் ஒரே பெயரைக் கொடுப்பதற்கு மாத்திரமன்று, குழுக்களுக்குத் தனித்தனிப் பெயர் கொடுப்பதற்கும் பயன்படும். மென்பொருளின் ஆவணமே இதனைக் குறிப்பிடுகின்றது. பொருளியல் துறைக்கு ஒன்று, மருத்துவ பீடத்துக்கு ஒன்று, மொழித்துறைகளுக்கு ஒன்று என்றவாறு, கடிதப் போக்குவரத்தால் ஒத்தவர்களைச் சேர்த்து அமைத்தால், 200 என்ற தொடக்க எண்ணிக்கையும் விரைவில் நிறையும். கடனும் மருந்தும் தத்தம் துறையின் வழக்குப்படி எண்ணப்படும். ஒதுக்கப்பட்டதை அழிக்காமல் குறியிட்டு வைப்பதும், தனிப்பட்டவர் தமக்கு வேண்டிய முகவரிகளை வரவேற்புப் பட்டியலில் இடுவதற்கு வழி விடுவதும் இதனோடு சேரவேண்டியவை. இப்பட்டியல் முன்னர் ‘வெள்ளைப் பட்டியல்’ எனப்பட்டது. 2022இல் வெளியான 4.0 பதிப்பிலேயே ‘வரவேற்பு’ என்று பெயர் மாறியது. நிறத்தைக் கொண்டு நன்மை தீமை கூறும் வழக்கைக் கைவிடத் துணிந்தவர்கள், சொல் நீளத்தையும் ஒருநாள் மறுபரிசீலனை செய்யக்கூடும்.

அதுவரை மொழித்துறைகளின் குழுவில் கற்பிக்கப்படும் முதல் 200 நல்லஞ்சல்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை நிருவாகியிடம் விட்டுவிடாது, துறையினரே ஏற்றல் வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் வந்த சுற்றுநிருபங்கள், மாணவர் விண்ணப்பங்கள், சஞ்சிகைக்கு வந்த கட்டுரைகளுடன் இணைந்த கடிதங்கள் ஆகியன அவற்றுள் இடம்பெற வேண்டும். அம்மொழிகளில் வந்த வேண்டா அஞ்சல்களும் ஏறத்தாழ அதே அளவில் மறுபுறம் சேர்க்கப்பட்டால், சிதறிய தனி எழுத்துகள் நடுநிலையில் நிற்கும். தப்பிய குறுஞ்சொற்களும், அனுப்பியவர் முகவரியும், இணைப்புகளும் தீர்ப்பைச் சொல்லும். சில வாரங்களின் பின்னர் ‘டம்ப் மஜிக்’ கட்டளையை இயக்கினால் இரு எண்கள் தோன்றும்: கற்ற வேண்டா அஞ்சல் இத்தனை, கற்ற நல்லஞ்சல் இத்தனை. அவற்றுள் எத்தனை எம்மொழியின என்பதைக் காட்டும் நிரல் அங்கு இல்லை. அதனைக் கற்பிப்பவரே வேறொரு குறிப்பேட்டில் திகதியுடன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.